சிவப்பும் வெள்ளையும் கலந்த நிறம்

சிங்கப்பூரில் ஜூலை முதல் செப்டம்பர் வரை கொடி விதிகள் கொஞ்சம் தளரும். கொடிக்கம்பம் இல்லாமலே வீட்டுக்கு வெளியே தேசியக் கொடியைத் தொங்கவிடலாம். ஜூலை பிறந்ததும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்ற அரசு அமைப்பு) கட்டிய அடுக்குமாடி புளோக்குகளின் தாழ்வாரக் கம்பிகளில் கொடிகள் ஏறிவிடும். மேல்பாதி சிவப்பு, கீழ்ப்பாதி வெள்ளை, மூலையில் பிறை, ஐந்து விண்மீன்கள். 1959 டிசம்பரில் அறிமுகமான கொடி. சிவப்பு என்றால் மனிதர்களுக்குள் சகோதரத்துவமும் சமத்துவமும், வெள்ளை என்றால் என்றைக்கும் குறையாத தூய்மை, நன்னெறி என்று இங்கே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள்.

சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் இளஞ்சிவப்பு வரும். அதைப் பார்த்து, இதுவும் நம் கொடிதானே என்று சிலர் சொன்னார்கள். 2009 மே 16 அன்று ஹாங் லிம் பூங்காவில் இளஞ்சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஏறக்குறைய 2,500 பேர் கூடினார்கள். எல்லோரும் நெருக்கி நின்று, மேலிருந்து பார்த்தால் ஒரு பெரிய இளஞ்சிவப்புப் புள்ளியாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டார்கள். தன்பாலீர்ப்பாளர்களுக்கும் திருநர்களுக்கும் ஆதரவான 'பிங்க் டாட்' கூட்டம் தொடங்கியது இப்படித்தான். சிங்கப்பூரைச் 'சின்னச் சிவப்புப் புள்ளி' என்று சொல்வது உண்டு. அந்தப் புள்ளியைத்தான் கொஞ்சம் வெள்ளை சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு காரணமும் உண்டு. இங்கே குடிமக்களின் அடையாள அட்டை இளஞ்சிவப்பு. நிரந்தரவாசிகளுக்கு நீலம்.

தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் உலகமெங்கும் தூக்கிப் பிடிக்கிற வானவில் கொடி இருக்கும்போது, தனியாக ஒரு நிறம் எதற்கு என்று கேட்கலாம். பல நாடுகளில் வானவில்லையும் தேசியக் கொடியையும் ஒட்டித் தைத்துப் பார்த்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 2010இல் அந்நாட்டுக் கொடியின் வடிவத்துக்குள்ளேயே வானவில் பட்டைகளை நுழைத்து ஒரு கொடி செய்தார்கள். பாலீர்ப்பின் பெயரால் பாகுபாடு கூடாது என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்த முதல் நாடு அது. அங்கே அந்தக் கொடியைப் பார்த்து யாரும் பெரிதாக அதிர்ந்துபோகவில்லை. போலந்தில் கதை வேறு. 2018இல் செஸ்டொகோவா நகரத்துப் பேரணியில் வானவில் பின்னணியில் அந்நாட்டு வெள்ளைக் கழுகை வைத்த கொடியோடு வந்தார்கள். தேசியச் சின்னத்தை அவமதித்துவிட்டார்கள் என்று உள்துறை அமைச்சரே அரசு வழக்கறிஞரிடம் புகார் கொடுத்தார். வழக்கு நிற்கவில்லை. ஆனால் புகார் போனது போனதுதான்.

சிங்கப்பூரில் அந்த மாதிரிச் செய்தால் நிச்சயம் சட்டம் குறுக்கே வரும். கொடியின் மேல் எதையும் எழுதக் கூடாது, படம் வரையக் கூடாது. பிறைக்குப் பக்கத்தில் ஆறு நிறப் பட்டை வைத்தால் விவாதம் முழுக்கக் கொடியைப் பற்றியே ஓடும். மனிதர்களைப் பற்றிப் பேச்சே வராது. இளஞ்சிவப்பில் அந்தத் தொல்லை இல்லை. நிறத்தின் மேல் வழக்குப் போட முடியாதே. எங்கள் பக்கத்துப் புளோக்கில் ஓர் அக்கா இருக்கிறார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், மகன் தன்பாலீர்ப்பாளர். இதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது: “தேசிய தினத்துச் சிவப்புச் சட்டையையும் வெள்ளைச் சட்டையையும் ஒண்ணா மெஷின்ல போட்டா என்ன ஆகும் தம்பி? அதுதான் இது. போட்டது யாரு, நாமதானே.”

இடையில் ஒன்று. 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் செய்த முதல் வானவில் கொடியில் எட்டுப் பட்டைகள் இருந்தன. உச்சியில் இருந்தது அடர் இளஞ்சிவப்பு. நிறையக் கொடிகள் தைக்க வேண்டி வந்தபோது அந்த நிறத் துணி கிடைக்கவில்லை என்று அதை எடுத்துவிட்டார்கள். கொள்கை கோட்பாடு ஒன்றும் இல்லை, வெறும் துணித் தட்டுப்பாடு. அங்கே விட்டுப்போன நிறம் முப்பது வருடம் கழித்து இங்கே முளைத்தது தற்செயல்தான். ஆனாலும் நினைத்தால் சிரிப்பு வருகிறது.

சரி, இதற்கும் சுதந்திர தினத்துக்கும் என்ன சம்பந்தம்? சிங்கப்பூரில் ரொம்பவே சம்பந்தம் உண்டு.

1965 ஆகஸ்ட் 9 இந்த நாடு போராடிப் பெற்ற நாள் இல்லை. மலேசியாவில் சேர்ந்து இரண்டு வருடம்கூட முடியவில்லை, பிரித்து அனுப்பிவிட்டார்கள். பிரதமர் லீ குவான் இயூ செய்தியாளர்களுக்கு முன்னால் கண்கலங்கிய படம் இங்கே எல்லோருக்கும் தெரியும். மற்ற நாடுகளில் கொடி ஏறியபோது தலைவர்கள் சிரித்தார்கள். இங்கே அழுதார்கள். அப்படிப்பட்ட நாளைக் கொண்டாட்டமாக்க வேண்டுமென்றால் அதை உட்கார்ந்து செய்ய வேண்டும். 1966இல் பாடாங் திடலில் முதல் அணிவகுப்பு நடந்தது. அப்புறம் வருடா வருடம் பாட்டு, நடனம், போர் விமானங்கள், வாணவேடிக்கை, கையில் ஒரு பை, பைக்குள் கொடி, விசிறி, தண்ணீர். வந்தவர்கள் வெறுமனே பார்த்துவிட்டுப் போக முடியாது. சிவப்போ வெள்ளையோ உடுத்தி வந்து, சொல்லும்போது விளக்கை ஆட்டி, பாடும்போது பாடி, அவர்களே காட்சியின் பாகமாகிவிடுவார்கள். நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்து பத்தாயிரம் விளக்குகளோடு தன் விளக்கையும் ஆட்டியவர்களுக்குத் தெரியும், அது வேலை செய்யும்.

அந்த ஆகஸ்ட் மேல் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் அடங்கிய பால்புதுமையினருக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு கண் இருந்தது. 2001இல் தேசிய தினத்துக்கு முந்தைய நாள் செந்தோசா தீவில் அவர்களுக்காக ஒரு பெரிய நடன விருந்து நடந்தது. பெயரே 'நேஷன்', அதாவது தேசம். வருடா வருடம் வளர்ந்தது, வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 2005இல் பொதுநலனுக்கு எதிரானது என்று காவல்துறை அனுமதி மறுத்தது. எச்ஐவி பரவலுக்கும் இந்த விருந்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அந்த வருடம் நாடாளுமன்றத்தில் ஊகமாகப் பேசியவர் சுகாதாரத் துறை மூத்த துணையமைச்சர் பாலாஜி சதாசிவன். விருந்து தாய்லாந்தின் பூக்கெட்டுக்குப் போய்விட்டது. இங்கே இருந்தவர்கள் அதே ஆகஸ்டில் 'இண்டிக்நேஷன்' என்று பெயர் வைத்துக் கவிதை வாசிப்பு, உரை, கண்காட்சி என்று ஒரு மாத நிகழ்ச்சி தொடங்கினார்கள். கோபம் என்ற பொருள் வருகிற அந்தச் சொல்லுக்குள்ளும் தேசம் உட்கார்ந்திருந்தது. கேட்டது ஒன்றுதான்: ஆகஸ்ட் எங்களுக்கும் உண்டா, இல்லையா?

பிங்க் டாட்காரர்கள் ஆகஸ்டை விட்டுவிட்டு மே, ஜூன் பக்கம் வந்தார்கள். ஆனால் ஆகஸ்டின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இதுதான் அவர்களுடைய சாமர்த்தியம் என்று நினைக்கிறேன். புல்தரையில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்காருவது, மேடையில் தொகுப்பாளர்கள், உள்ளூர்ப் பாடகர்கள், பிரபலங்களைத் தூதர்களாக அறிவிப்பது, இருட்டியதும் எல்லோரும் சேர்ந்து விளக்கைத் தூக்குவது. கோஷம் குறைவு. ஊர்வலமே கிடையாது. ஊர்வலம் போக இந்த ஊரில் அனுமதி கிடைக்காது என்பது ஒரு காரணம். ஆனால் நின்ற இடத்திலேயே நின்று, நாங்களும் இந்தப் புள்ளிக்குள்தான் இருக்கிறோம் என்று காட்டுவது சிங்கப்பூருக்கு ஊர்வலத்தைவிடப் புரிகிற பாஷை.

நான் முதல் தடவை போனபோது இதை உடனே கவனித்தேன். கிளார்க் கீ எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வெளியே வரும்போதே இளஞ்சிவப்புச் சட்டை, புடவை, தலையில் ரிப்பன், நாய்க்குட்டி கழுத்தில் பட்டை. மேற்சொன்ன அக்கா கைத்தறிச் சேலையில் வந்திருந்தார். பூங்காவுக்குள் பாயை விரித்து, டப்பாவில் கொண்டுவந்த பொரியலும் சோறும் எடுத்து வைத்தார். பக்கத்துப் பாயில் ஒரு சீனக் குடும்பம், தாத்தா பாட்டி உட்பட. தாத்தா ஏதோ சங்கடத்தில் இருக்கிற மாதிரித் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அக்கா கொடுத்த அப்பளத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். “இது படாங்குல உக்காந்த மாதிரியே இருக்கு, பீரங்கி மட்டும்தான் இல்ல,” என்றார் அக்கா.

இந்தப் பூங்காவில் இப்படிக் கூட முடிந்ததற்குக் காரணமும் ஒரு தேசிய தின உரைதான். ஹாங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் காவல்துறை அனுமதி இல்லாமலே கூட்டங்கள் நடத்தலாம் என்று பிரதமர் லீ சியன் லூங் 2008 ஆகஸ்டில் ஆற்றிய தேசிய தினக் கூட்ட உரையில் அறிவித்தார். அடுத்த மே மாதம் பிங்க் டாட். இங்கே எதுவாக இருந்தாலும் கடைசியில் தேசிய தினத்தில் வந்து முட்டும்.

கூட்டம் வளர்ந்தது. ஏற்பாட்டாளர்களின் கணக்குப்படி 2015இல் 28,000 பேர். அதற்கு முந்தைய வருடம், பிங்க் டாட் நடக்கும் ஜூன் 28 அன்று வெள்ளை உடுத்துங்கள் என்று ஒரு முஸ்லிம் சமயப் போதகர் அழைப்பு விடுத்தார். அன்று மாலை ரமலான் தொழுகைகள் தொடங்கும் நேரம். சில கிறிஸ்தவ சபைகளும் சேர்ந்துகொண்டன. தூய்மை, நன்னெறி என்று கொடியின் வெள்ளைக்குச் சொல்லப்பட்ட அதே பொருள்! யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நடந்தது என்னவோ ஒரே கொடியின் நிறங்களைப் பிரித்து எடுத்துக்கொண்டு நடத்திய சண்டைதான்.

இங்கே சட்டத்தின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயர் 1860இல் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தைத்தான் சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கும் கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கும் 377ஏ பிரிவை 1938இல் தனியாகச் சேர்த்தார்கள். 'இயற்கைக்கு மாறான' உறவைக் குற்றமாக்கிய பழைய 377 பிரிவை சிங்கப்பூர் 2007இல் நீக்கியது. 377ஏவை மட்டும், அமல்படுத்த மாட்டோம் என்று சொல்லி, வைத்துக்கொண்டது. வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் எழுதிய பத்தியை வைத்துக்கொண்டு வருடா வருடம் விடுதலைக்கு வாணவேடிக்கை விட்டோம். இந்த முரணை மும்பைக்காரர்கள் நேரடியாகவே பிடித்தார்கள். 2008 ஆகஸ்ட் 16 அன்று, சுதந்திர தினத்துக்கு மறுநாள், 'குவியர் ஆசாதி' என்று பெயர் வைத்து ஊர்வலம் போனார்கள். உங்களுக்கு நேற்று, எங்களுக்கு என்றைக்கு என்ற கேள்வி தேதியிலேயே இருந்தது. இந்தியாவில் அந்தக் கேள்விக்கு 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், தன்பாலுறவு குற்றமில்லை என்று பதில் சொன்னது.

சிங்கப்பூரில் பதிலைப் பிரதமர் சொன்னார், அதுவும் 2022 ஆகஸ்ட் 21 அன்று தேசிய தினக் கூட்ட உரையில். 377ஏ போகும், ஆனால் திருமணத்தின் வரையறையை யாரும் நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி அரசியல் சாசனம் திருத்தப்படும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பூட்டிய மாதிரி. நவம்பரில் நாடாளுமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தவர் சட்ட, உள்துறை அமைச்சர் கா. சண்முகம். ஆதரவாக 93 வாக்கு, எதிராக 3. 2023 ஜனவரி 3 முதல் அந்தப் பிரிவு இல்லை.

தமிழர்களுக்கு இந்தக் கதையில் விசித்திரமான இடங்கள் வாய்த்திருக்கின்றன. 1966இல் தேசிய உறுதிமொழியின் முதல் வரைவை எழுதியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம். இனம், மொழி, சமயம் என்ற மூன்று வேறுபாடுகளைத் தாண்டி ஒன்றுபடுவோம் என்பதுதான் அதன் உயிர். அன்றைக்கு நாட்டைப் பிளக்கக்கூடியவை அவை மூன்றும்தான், 1964 கலவரத்துக்கு இரண்டு வருடம்கூட முழுதாக முடியாத நேரம். அந்தப் பட்டியலில் நான்காவதாக எதையும் எழுத அவருக்குத் தோன்றியிருக்காது. நம் ஆட்கள் சிலர் “அதான் நம்ம மூணும் லிஸ்ட்ல வந்தாச்சே” என்று நிம்மதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பட்டியலில் இடம் கிடைத்தவர்களுக்குப் பட்டியல் போதும்.

எனக்குப் பிங்க் டாட் மேல் மரியாதை உண்டு. ஆனால் அதன் நிறம் அடையாள அட்டையிலிருந்து வந்தது என்பதன் முழுப் பொருள் 2017இல்தான் புரிந்தது. பேச்சாளர் முனைக்கான விதிகள் அதற்கு முந்தைய நவம்பரில் மாறின. வெளிநாட்டு நிறுவனங்கள் அனுமதி இல்லாமல் நிதி கொடுக்கக் கூடாது. கூகுள், ஃபேஸ்புக், கோல்ட்மன் சாக்ஸ் எல்லாம் நிதி கொடுக்க முடியாமல் போனதும் 120 உள்ளூர் நிறுவனங்கள் முன்வந்து அந்த இடத்தை நிரப்பின. அந்தப் பாகம் மகிழ்ச்சியானது. மறுபாகம்: குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தவிர வேறு யாரும் கூட்டத்தில் கலந்துகொள்ளக் கூடாது. சும்மா நின்று வேடிக்கை பார்த்தாலும் கலந்துகொண்டதாகவே கணக்கு. பூங்காவைச் சுற்றித் தடுப்பு போட்டார்கள். நுழைவாயிலில் காவலாளிகள் ஒவ்வொருவரிடமும் ஐசி, அதாவது அடையாள அட்டை, கேட்டார்கள்.

அந்த அட்டையை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். முன்பக்கம் புகைப்படம், பெயர், இனம், பிறந்த தேதி, பால், பிறந்த நாடு. பின்பக்கம் கைரேகை, முகவரி. நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறியவன் நான். புது அட்டை கைக்கு வந்த நாளில் அதன் நிறம் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. இனி எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதுதான் மனசில் ஓடியது. ஆணா பெண்ணா என்று ஒரே எழுத்தில் எழுதிய அட்டையைக் காட்டி, அந்த ஒரே எழுத்து போதாது என்று சொல்லும் கூட்டத்துக்குள் போவது இருக்கிறதே! காவலாளி, பாவம், அவருக்கு வேலை. என் முன்னால் நின்ற ஜோடியில் ஒருத்திக்கு அட்டை இருந்தது, கூட வந்தவளுக்கு இல்லை. இருவரும் ஒரு நிமிடம் பேசினார்கள். அப்புறம் இருவருமே திரும்பிப் போனார்கள்.

ஏற்பாட்டாளர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. மீறினால் அபராதமோ சிறையோ அவர்களுக்கும் வரலாம். ஆனால் நாங்களும் இந்தத் தேசத்தின் பிள்ளைகள் என்று நிரூபிக்கத் தேசத்தின் நிறத்தையே எடுத்துக்கொண்டால், தேசத்தின் கதவும் கூடவே வரும். வானவில் கொடிக்கு எந்த ஊர் விலாசமும் இல்லை. அதனால் இங்கே அதற்கு வேரும் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு, ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அதன் கீழே நிற்க யாரும் அட்டை கேட்டதில்லை.

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது சந்திக்கிற தம்பி ஒருவன் இருக்கிறான். பட்டுக்கோட்டைப் பக்கம். கட்டுமான வேலை, வெளிநாட்டுத் தொழிலாளிக்கான வேலை பெர்மிட். விடுதி அறையில் பன்னிரண்டு பேர். கைப்பேசியில் பிங்க் டாட் படத்தைப் பார்த்துவிட்டு, “இது என்னண்ணே, எல்லாரும் ஒரே கலர்ல?” என்றான். சொன்னேன். கொஞ்ச நேரம் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “நாம போனா உள்ள விடுவாங்களா?” என்று கேட்டான். எதற்காகக் கேட்டான் என்று நான் துருவவில்லை. அந்த அறையில் இதையெல்லாம் பேச முடியாது என்பது மட்டும் தெரியும்.

தேசிய தின அணிவகுப்பில் ஒருநாள் இளஞ்சிவப்பு அணி ஒன்றும் நடக்க வேண்டும் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆசை இல்லை. அணிவகுப்பில் சேர்ந்துவிட்டால் அதுவும் இன்னொரு மிதவை வண்டி, இன்னொரு பாட்டு. அக்காவின் மகனுக்கு வீவக வீடு வேண்டும். காதலனோடு சேர்ந்து ஒரு குடும்பமாக விண்ணப்பிக்க வழியில்லை. 35 வயதான பிறகு, தனி ஆட்கள் என்ற கணக்கில்தான் வாங்க முடியும். அந்தக் கணக்கை எந்த மிதவை வண்டியும் மாற்றாது. கொண்டாட்டத்தில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் முதலில் நுழைவுச்சீட்டை மாற்றட்டும். அணிவகுப்புச் சீட்டுக் குலுக்கலிலும் குடிமக்கள், நிரந்தரவாசிகள் மட்டும்தான் பெயர் கொடுக்கலாம். இந்த ஊரின் சாலையும் பாலமும் கூரையும் யார் கைகளால் எழும்பின என்பது எல்லோருக்கும் தெரியும். வெளி ஆட்களுக்கு என்று சில ஆயிரம் சீட்டு ஒதுக்கினால் கொடியில் எந்த விண்மீனும் உதிர்ந்துவிடாது. ஹாங் லிம் பூங்காவின் தடுப்பையும் அதே கையோடு எடுத்துவிடலாம்.

இதைத் தம்பியிடம் சொன்னபோது, “ஒம்போதாம் தேதியா? அன்னிக்கு வேலைக்குப் போனா கூடுதலா ஒரு நாள் சம்பளம்ணே,” என்றான். “ஜூன்ல நடக்குதே, அதுக்கு வேணும்னா சொல்லுங்க. லீவு போட்டுக்கிறேன்.”